கடலுக்குச் சேர வேண்டிய மணலைத் தின்றது யார்?

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இன்றைக்குக் கடல் கிடையாது. 2019 நவம்பர் 29 வரைக்கும் இருந்தது. அன்றைக்குத்தான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், பாலாற்று முகத்துவாரம் எல்லாமே அந்தப் பக்கம் போயிடுச்சு. நிர்வாக வசதிக்காகப் பிரித்தார்கள். அதில் நமக்குச் சண்டை இல்லை.

நம்ம சண்டை வேற. மாவட்டத்தைப் பிரித்த கையோடு ஆற்றையும் கடலையும் பிரித்துவிட்டதாக அதிகாரிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடல் அரிப்பா? அது செங்கல்பட்டு கலெக்டர். ஆற்று மணலா? அது காஞ்சிபுரம் கலெக்டர். மணல் குவாரியா? நீர்வளத்துறையைக் கேளு. கரையில கல்லு கொட்டணுமா? மீன்வளத்துறையைக் கேளு. கருமணலா? அது டெல்லி, அணுசக்தித் துறை. இப்படி அஞ்சு வாசல்ல அலையவிட்டா அஞ்சாவது வாசலுக்குப் போறதுக்குள்ள மனு கொடுத்தவன் களைச்சுப் போவான். மணல் ஏத்துன லாரிக்குக் களைப்பே வராது.

தோழர்களே, மணலுக்கு மாவட்ட எல்லை தெரியாது. கல்பாக்கம் கரையில் ஒரு பிடி மணலை அள்ளினால், அதில் நம்ம ஆறு இருக்கிறது. அந்த மணல் ஏன் பருசா இருக்கு, ஏன் கருப்பா இருக்கு, ஏன் வருசத்துக்கு வருசம் குறையுது என்று தெரிந்துகொண்டால் யார் திருடன் என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

பட்டு ஊருக்கும் கடல் மணலுக்கும் என்ன சம்பந்தம்?

"நாங்க தறிக்காரங்க. கடற்கரைப் பிரச்சினை எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

காஞ்சிப் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணிதான் காரணம் என்று தலைமுறை தலைமுறையாச் சொல்றோம். சாயப் பட்டறைக்கு நல்ல தண்ணி வேணும். அந்தத் தண்ணியைப் பிடித்து வைத்திருப்பது யார்? ஆற்று மணல். மணிக்கும் மணிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. மொத்தக் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் அந்த இடைவெளிதான். வெள்ளம் வடிந்த பிறகும் தண்ணி அதற்குள்ளே நிற்கும், மெல்ல நகரும். மேலே பார்த்தால் காய்ந்த ஆறு, கீழே ஒரு குளம். மணலை அள்ளினால் குளத்தையே அள்ளியதாகத்தான் அர்த்தம்.

மாட்டுப் பொங்கலுக்கு வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்குப் பாரிவேட்டை போகிறார். எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் தாண்டி வரும் பாலாறு, ஜவ்வாது மலையின் செய்யாற்றையும் நம்ம வேகவதியையும் இங்கே சேர்த்துக்கொண்டு, செங்கல்பட்டைக் கடந்து, வாயலூர் அருகே வங்கக்கடலில் கலக்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். இந்த மூன்று ஆறும் சேர்ந்து சுமந்து வரும் மணல்தான் அந்தக் கரைக்குச் சாப்பாடு.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டை கட்டினானே, எதுக்கு வந்தான்? துணி வாங்க வந்தான். நெசவாளிக்கும் அந்தக் கரைக்கும் உறவு அன்னைக்கே இருந்திருக்கு. இடையில் மறந்துவிட்டோம்.

மணல் என்பது என்ன?

பத்திரிகையில் "மணல்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அள்ளுகிறவன் அப்படிப் பார்ப்பதில்லை. எந்த மணல் கட்டடத்துக்கு, எந்த மணல் பூச்சுக்கு, எந்த மணலில் டைட்டானியம் இருக்கு என்று அவனுக்குத் துல்லியமாத் தெரியும். நமக்குத்தான் சொல்லித்தருவதில்லை.

ஜரிகையைக் கையில வாங்குனதும் நம்ம ஆளு என்ன கேட்பான்? வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு. சந்தேகம் வந்தா மிஷின்ல வெச்சுப் பார்ப்பான். மணலையும் அப்படிக் கேட்கணும். மணி எவ்வளவு பெருசு, அதுல என்னென்ன கல் இருக்கு.

பாலாற்றுப் படுகையின் மேல்பகுதி முழுக்கக் கடினப் பாறை: கிரானைட், நைஸ், சார்னோகைட். சார்னோகைட் என்ற பெயரே நம்ம பக்கத்துக் கல்லால் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதற்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல்லை வைத்துத்தான் புவியியலாளர்கள் அந்தப் பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் அதே பாறைதான்.

இந்தப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் பல்லாயிரம் வருசமாக உதிர்கின்றன. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சீக்கிரம் கெட்டுக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் சாமானியத்தில் கெடாது. அதுதான் நாம் பார்க்கும் வெள்ளை மணல். அதோடு கொஞ்சம் கார்னெட், இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் என்று கனமான மணிகளும் வரும். குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். கார்னெட் நாலு மடங்கை ஒட்டி. இல்மனைட்டும் சிர்கானும் நாலரை மடங்குக்கு மேல். மோனசைட் ஏறக்குறைய அஞ்சு மடங்கு.

ஆறு இது எல்லாத்தையும் கலந்து கொண்டுவந்து கடல் வாசலில் கொட்டுகிறது. தரம் பிரிக்கிற வேலையைக் கடல் பார்க்கிறது.

கடல் ஒரு முறம்

முறத்தில் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். லேசான உமி முன்னால் பறக்கும், கனமான அரிசி பின்னால் தங்கும். கடல் செய்வதும் அதே வேலைதான்.

அலை கரையில் ஏறும்போது வேகமாக ஏறும். கனமோ லேசோ, எல்லா மணியையும் தூக்கிக்கொண்டு வரும். இறங்கும்போது அந்த வேகம் இருக்காது, பாதித் தண்ணி மணலுக்குள்ளேயே இறங்கிவிடும். மிச்சத் தண்ணியால் லேசான குவார்ட்ஸை மட்டும்தான் இழுக்க முடியும். கனமான கருப்பு மணி அங்கேயே படிந்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அலை. இப்படிப் பல நூற்றாண்டு புடைத்ததில் வந்ததுதான் நீங்க பார்க்கிற கருமணல் பட்டை.

ரொம்பச் சன்னமான வண்டல் கரையில் நிற்காது, அலை கலக்கி ஆழத்துக்கு அனுப்பிவிடும். காய்ந்த மணலில் சன்னமானதைக் காற்று தூக்கிக் கரைக்கு மேலே மேடாகக் குவிக்கும். அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் அந்த மேட்டைப் பிடித்து வைக்கும். அதனால்தான் அலை அடிக்கும் இடத்தில் மணல் பருசாகவும் மேட்டில் சன்னமாகவும் இருக்கிறது. பரு மணல் உள்ள கரை சரிவாக நிற்கும். சன்ன மணல் உள்ள கரை தட்டையாகப் பரவும்.

அப்புறம் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வரும். அலை பெருசாகி கரையை வெட்டும். வெட்டிய மணலைக் கொஞ்ச தூரத்தில் கடலுக்குள்ளேயே திட்டாகப் போட்டு வைக்கும். தை, மாசிக்கு மேல் அலை அடங்கியதும் அதே மணலை மெல்லக் கரைக்குத் தள்ளும். கொடுத்து வாங்கும் கணக்கு. மழைக்காலம் முடிந்ததும் கரை கருப்பாகத் தெரிவது இயல்புதான், லேசான மணல் போய் கனமானது நின்றிருக்கும். கோடையில் வெள்ளை மணல் திரும்பி வந்து மூடிவிடும்.

திரும்பி வரவில்லை என்றால்? கருப்பும் பருவும் மட்டும் நின்று, கரை வருசா வருசம் குறுகினால்? கடல் வழக்கப்படி வெட்டுகிறது, ஆனால் திருப்பித் தர அதன் கையில் சரக்கு இல்லை என்று அர்த்தம். சரக்கு அனுப்ப வேண்டிய ஆறு அனுப்பவில்லை, இல்லையென்றால் வழியில் எவனோ மறித்துவிட்டான்.

சென்னை, செங்கல்பட்டுக் கரையோர மீனவர்களுக்கு இது புத்தகப் பாடம் இல்லை. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதற்கு வன்னி என்றும் பெயர் வைத்து வாழ்கிறவர்கள். வருசத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரைக்கும், கரையோர மணல் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிப் போவதுதான் அதிகம். அப்படியானால் பாலாறு வாயலூரில் போடும் மணல் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, மாமல்லபுரம் என்று ஒவ்வொரு குப்பத்துக்கும் பங்கு கொடுத்துக்கொண்டே போகணும். வரிசையின் தலையில் இருக்கிறவன் கையை வெட்டினால், வரிசை முழுக்கப் பட்டினி.

"வீணாகக் கடலில் கலக்கிறது" என்ற பொய்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு தலைப்புச் செய்தி வரும்: "பாலாற்று வெள்ளம் வீணாகக் கடலில் கலக்கிறது." அமைச்சரும் அதையே சொல்வார், அதிகாரியும் அதையே சொல்வார். கேட்டுக் கேட்டு நாமும் நம்பிவிட்டோம்.

எது வீண்? மணல் நடப்பது வெள்ளத்தில்தான். சாதாரண நாளில் ஆறு மணலை நகர்த்தாது. 2021 நவம்பரில் பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணி வந்ததே, அந்த மாதிரி நாலைந்து நாளில்தான் பல வருச மணல் நகரும். கடலுக்குப் போகும் அந்த வெள்ளம் கரைக்குக் கூலி கொடுக்கப் போகிறது. கூலியை நிறுத்திவிட்டு, கரை ஏன் இளைச்சுப் போச்சு என்று கேட்கிறார்கள்.

இந்த வெள்ளத்தின் மணலாவது முழுசாப் போய்ச் சேர்கிறதா? இல்லை. ஆற்றில் தோண்டிய பள்ளம் முதலில் அதை விழுங்குகிறது. இருபது, முப்பது அடி பள்ளம் கிடந்தால் வெள்ளம் அதற்குள் இறங்கும்போது வேகம் குறையும், மணல் அங்கேயே விழும். அந்த மணலை அடுத்த கோடையில் மறுபடியும் லாரி ஏற்றும். கடலுக்கு எது மிச்சம்? கலங்கல் தண்ணியும் சேறும்தான். சேறு கரையில் நிற்காது என்று மேலேயே பார்த்தோம்.

அந்தச் சேறாவது சுத்தமா? வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரைக்கும் தோல் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குரோமியம் போன்ற உலோகங்கள் பரு மணலை விட சன்னக் களிமண்ணில்தான் அதிகம் ஒட்டும். மணலை எடுத்துவிட்டு விஷம் ஒட்டும் சேற்றை மட்டும் கீழே அனுப்பினால் அதற்குப் பெயர் ஆற்று நிர்வாகமா?

தடுப்பணை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விவசாயிக்குத் தண்ணி வேணும். முகத்துவாரத்தில் உப்புத் தண்ணி ஏறுவதைத் தடுக்கணும். ஆனால் அந்தக் காலத்து அணைக்கட்டுகளில் மணற்போக்கி வைத்துக் கட்டினார்கள், வெள்ளத்தில் திறந்துவிட்டால் மணல் கீழே போகும். இன்றைக்குக் கட்டும் தடுப்பணைகளில் அப்படி மணலுக்கு வழி விட்டிருக்கிறார்களா? ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லட்டும்.

சட்டம் இருக்கு, மணல் இல்லை

2003 அக்டோபரில் மணல் குவாரியை அரசே எடுத்து நடத்தும் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது. தனியார் கொள்ளைக்கு முடிவு என்றார்கள். கொள்ளை முடிந்ததா? ஆட்சி மாறியது, போர்டு மாறியது, லாரிக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லை. ஆற்று மணலுக்குத் தடை வந்த இடங்களில் "சவுடு" என்று பெயரை மாற்றி அதே மணலை அள்ளினார்கள்.

2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சின்னக் குவாரியாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். 2016லும் 2020லும் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது: ஒரு ஆற்றில் வருசத்துக்கு எவ்வளவு மணல் புதிதாக வந்து சேர்கிறது என்று ஆய்வு செய்து, அதைப் பொறுத்துத்தான் எடுக்கணும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பாலாற்றுக்கு அந்தக் கணக்கு எங்கே? வரவு தெரியாமல் செலவு மட்டும் செய்கிறவனுக்கு ஊரில் என்ன பெயர்? அந்தக் கணக்கைக் கடல் எழுதிக்கொண்டிருக்கிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை நாட்டின் கரை முழுக்கச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தது. தமிழ்நாட்டில் அளந்த 991 கிலோமீட்டர் கரையில் 422 கிலோமீட்டருக்கு மேல் அரிப்பு. நூற்றுக்கு 43 பங்கு கரை கரைகிறது. நாட்டின் சராசரி 34ஐ ஒட்டித்தான்.

எல்லாமே மணல் கொள்ளையால் என்று நாங்கள் அளக்கவில்லை. துறைமுகமும் காரணம். 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீட்டப்பட்டது. வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் தெற்குப் பக்கமே சிக்கிக்கொண்டது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம், எண்ணூர் பக்கம் மீனவர் வீடுகளைக் கடல் தின்றது. நாம் சுண்டல் சாப்பிடும் மணலில் வடசென்னை மீனவனின் பங்கும் இருக்கிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர் கட்டினார்கள், ஊரின் கடற்கரையே காணாமல் போய் கல் மட்டும் நின்றது. மறுபடியும் மணலைக் கொண்டுவர வருசக்கணக்கில் பாடுபட்டார்கள்.

இதற்கெல்லாம் நம்ம அரசு கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றே ஒன்று: கல் கொட்டு. ஒரு குப்பத்தின் முன்னால் கல் கொட்டினால் அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்கு நகரும். அங்கேயும் கல். அதற்கப்புறம் அடுத்தது. கல் எங்கிருந்து வருகிறது? நம்ம மாவட்டத்து மலையை உடைத்து. ஆற்றில் மணலை எடுத்தார்கள், அதனால் கரை போனது, கரையைக் காக்க மலையை உடைக்கிறார்கள். மூன்று இடத்திலும் டெண்டர் உண்டு. மீனவனுக்குப் படகு ஏற்ற இடம் மட்டும் இல்லை.

கருப்பு மணலின் மேல் கண்

இப்போது தெற்கே வாருங்கள். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கயிற்றில் ஒட்டிய தூசியிலேயே அவனுக்கு லாபம் தெரிந்தது. அதன் தொடர்ச்சிதான் மணவாளக்குறிச்சி மணல் ஆலை.

பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளில் தாதுமணல் கொள்ளை நடந்தது ஊரறிந்த கதை. 2013ல் மாநில அரசு தடை போட்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டு, 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் அரசின் நடவடிக்கையையும் ஏற்றுக்கொண்டது. நன்றாகக் கவனியுங்கள்: தடை போட்டது 2013, உத்தரவு வந்தது 2025. நடுவில் பன்னிரண்டு வருசம்.

அது தனியார் கொள்ளை என்றால், இப்போது வருவது அரசு முத்திரையோடு வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்க ஒன்றிய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் திட்டம் வைத்திருக்கிறது. 2024ல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள், மக்கள் எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே சாதாரண மணல் எடுப்பைத் தடுத்துவிட்டு, அணுக்கனிமத்துக்கு மட்டும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

"நாட்டுக்கு அரிய கனிமம் வேண்டாமா? எடுத்த மணலைத் திருப்பிப் போட்டுவிடுவோமே" என்கிறார்கள். முறம் கதையை மறுபடி நினையுங்கள். கனமான மணியை எடுத்துவிட்டு லேசான மணியை மட்டும் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? அலை அதைச் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகும். "அலை மறுபடியும் கொண்டுவந்து போடும்" என்பது அவர்களின் அடுத்த பதில். எங்கிருந்து கொண்டுவரும்? ஆற்றையும் நீங்கதானே சுரண்டி வெச்சிருக்கீங்க! கடல் பல நூற்றாண்டு புடைத்துச் சேர்த்ததைச் சில வருசத்தில் அள்ளிவிட்டு, திரும்ப வரும் என்று சொல்ல ஒரு தைரியம் வேணும்.

கல்பாக்கம் கரை மணலிலும் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. இது இயற்கையாகவே வந்தது, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இன்றைக்குக் கன்னியாகுமரி என்று நினைத்துச் சும்மா இருந்தால், நாளைக்கு நம்ம ஆறு போட்ட கரைக்கும் அளவுக்கோல் வரும் என்பதற்காகச் சொல்கிறோம்.

மணல் சாட்சி சொல்லும்

2004 சுனாமி மாமல்லபுரம் பக்கம் மணலை வாரிக்கொண்டு போனபோது, அதுவரை மூடிக்கிடந்த செதுக்கிய பாறைகள் வெளியே வந்தன. அப்படித் தெரிந்த கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் சாளுவன்குப்பத்தில் பழைய முருகன் கோயிலைத் தொல்லியல் துறை தோண்டியெடுத்தது. அங்கே கிடைத்த மணல் அடுக்குகளை வைத்து, முன்பும் பேரலை வந்து அந்தக் கோயிலை அழித்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆயிரம் வருசத்துக்கு முந்திய அலையையே மணல் ஞாபகம் வைத்திருக்கிறது. நேற்று வந்த லாரியை மறந்துவிடுமா?

நம்ம காலத்து மணல் அடுக்கை நாளைக்கு ஒருத்தர் தோண்டுவார். "இங்கே திடீரென்று ஆற்று மணல் வருவது நின்றிருக்கிறது" என்று எழுதுவார். அந்த வரியில் யார் பெயர் இருக்கணும் என்பதை இப்போதே முடிவு செய்வோம்.

"மணல் இல்லாமல் வீடு எப்படிக் கட்டுவது?"

ஏழை வீடு கட்டுகிறவன் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உலகம் வருசத்துக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் பயன்படுத்துகிறது என்று ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2022ல் சொன்னது. எந்த ஆறும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. எம்-சாண்ட் இருக்கிறது, அதையும் தரம் பார்த்து, மலையைக் கணக்குப் பார்த்து எடுக்கணும். இடித்த கட்டடக் கழிவை அரைத்துப் பயன்படுத்தும் ஆலைகள் ஒவ்வொரு நகராட்சிக்கும் வேணும். ஏழையின் வீட்டைக் காட்டி மணல் அனுமதி வாங்குகிறவன், அந்த மணலை ஏழைக்கு விற்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

நாம் கேட்பது:

1. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றுக்கும் மணல் வரவு செலவுக் கணக்கு எடுக்கணும். தமிழில், கிராம சபையில் வைக்கணும். கணக்கு வரும்வரை ஒரு குவாரியும் கூடாது, சவுடு என்ற பெயரிலும் கூடாது.

2. பாலாற்றின் தடுப்பணைகளில் மணற்போக்கி இருக்கணும். இல்லாததில் அமைக்கணும், இருப்பதை வெள்ளத்தில் திறக்கணும்.

3. வாயலூர் முதல் கோவளம் வரை மழைக்கு முன்னும் பின்னும் வருசம் இரண்டு தடவை கரை மணலின் மணி அளவையும் கனிமத்தையும் அளந்து வெளியிடணும். அளக்கும் குழுவில் மீனவப் பஞ்சாயத்து இருக்கணும்.

4. துறைமுகச் சுவரில் சிக்கிய மணலை வடக்கே கடத்தி விடுவது துறைமுகத்தின் செலவாக இருக்கணும். கல் கொட்டுவது கடைசி வழியாக மட்டும் இருக்கணும்.

5. கிள்ளியூர் அணுக்கனிம மணல் திட்டத்தை முழுசாகக் கைவிடணும். 5,832 கோடியில் ஒரு ரூபாய் விடாமல் வசூலித்து, பாதிக்கப்பட்ட கடற்கரைகளுக்கே செலவழிக்கணும்.

6. காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, திருமுக்கூடல் முதல் கடல் வரைக்கும் ஒரே பொறுப்பு அதிகாரி வேணும். அஞ்சு வாசல் அலைச்சல் முடியணும்.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு லைக் போட்டுப் போய்விடாதீர்கள். அடுத்த கிராம சபையில் முதல் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். மாசி, பங்குனியில் ஒருநாள் சதுரங்கப்பட்டினம் கரைக்குப் போங்கள். வெள்ளை மணல் திரும்பி வந்திருக்கிறதா, கருப்பு மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே வலை பின்னும் ஐயாவிடம் உட்கார்ந்து பேசுங்கள், கரை எதுவரைக்கும் இருந்தது என்று கை நீட்டிக் காட்டுவார். தறிக்காரரும் வலைக்காரரும் ஒரே ஆற்றின் பிள்ளைகள். அது புரிந்த நாளில் ஆற்றுக்குள் லாரி இறங்காது.

ஆற்று மணல் கடலின் பங்கு! கடல் மணல் மக்களின் பங்கு!

பகிருங்கள். காஞ்சியிலும் பகிருங்கள், குப்பத்திலும் பகிருங்கள்.

#பாலாறு_காப்போம் #கரையைக்_காப்போம் #மணல்_கணக்கு_எங்கே